நான்காவது சுற்று

"லேடீஸ், நீங்க சிரிச்சுக்கிட்டே போங்க. போட்டோ எடுக்கறாங்க" என்றான் என் கொழுந்தன், கையில் பிடித்திருந்த சின்ன ஒலிபெருக்கியில்.

ஆண்களை அனுப்பும்போது அவன் இப்படிச் சொல்லவில்லை. ஐந்து, நான்கு என்று எண்ணிக்கை சொன்னான், விசில் ஊதினான், "விடாதீங்கடா" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவர்கள் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. அதற்குள் எங்கள் ஐந்து பேரையும் கோட்டுக்கு வரச்சொல்லி, சிரிக்கவும் சொல்லிவிட்டான். நேரில் அவனை நான் "தம்பி, வாங்க, உக்காருங்க" என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் எப்போதும் அவன் இவன்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். என் பக்கத்தில் பல் டாக்டர் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். அவளும் சிரிக்கவில்லை. ஊரில் பாதிப் பேருடைய பல்லைப் பார்த்தவள், தன் பல்லை யாருக்கும் லேசில் காட்டமாட்டாள்.

இது மலைச் சைக்கிள் போட்டி. பெரிய போட்டி ஒன்றும் இல்லை. மற்ற நாளெல்லாம் கடை, ஆபீஸ், பட்டறை என்று கிடக்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். மூடிப்போன கல்குவாரியில் கிளம்பி, பின்னால் இருக்கும் மலைக்காட்டுக்குள் ஏறி, வேரும் பாறையுமான ஒற்றையடிப் பாதையில் இறங்கி, மறுபடியும் குவாரிக்கே வந்தால் ஒரு சுற்று. மொத்தம் நான்கு சுற்று. இந்த நான்காவது சுற்றை எங்களில் ஒருத்தியும் இதுவரை ஓட்டியதில்லை. ஓட்ட முடியாமல் இல்லை, விடமாட்டார்கள். ஆண்கள் கிளம்பிய பிறகுதான் எங்களை விடுவார்கள். ஆண்களில் முதலாவதாக வருகிறவன் நம்மைப் பின்னாலிருந்து பிடித்துவிட்டால், அந்தச் சுற்றின் முடிவில் இரண்டு பேர் குறுக்கே கயிறு பிடித்து நம்மை நிறுத்திவிடுவார்கள். நிற்கும்போது யார் முன்னால் நிற்கிறாளோ அவள் ஜெயித்தாள். கேட்டால், பாதுகாப்பு என்பார்கள். மெதுவாக ஓட்டும் ஆண்களுக்கும் இதே விதிதான் என்பார்கள். ஆனால் டயர் கடைக்காரர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வரும்போது அந்தக் கயிறு தரையில் கிடக்கும். "விடுப்பா, ஆசைப்படறார்" என்பார்கள். எங்களுக்கு ஆசை கிடையாது என்று யார் இவர்களிடம் சொன்னது?

போன வருடம் கயிறு குறுக்கே வந்தபோது டாக்டர் எனக்கு ஒன்றரை சைக்கிள் தூரம் முன்னால் இருந்தாள். சுற்று முடிவது இறக்கத்தில். இறக்கத்தில் அவள் கெட்டிக்காரி, ஆடாத கை. ஏற்றத்தில் நான் அவளைத் தின்றுவிடுவேன். இன்னும் ஒரு ஏற்றம் இருந்திருந்தால் கதை வேறு. அதை நான் வாய்விட்டுச் சொன்னால் தோற்றவளின் புலம்பல் என்பார்கள் என்று சும்மா இருந்தேன். இரண்டு மாதம் கழித்துக் கடைவாய்ப் பல் வலி வந்தது. அவளிடம்தான் போக வேண்டியிருந்தது. அந்தக் கோப்பையை அவள் கிளினிக்கில் கண்ணாடி அலமாரியின் மேல் வைத்திருந்தாள். வாயை ஆவென்று திறந்துகொண்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு, அதையே பார்த்தபடி படுத்திருந்தேன். கேட்க நினைத்ததை எல்லாம் அந்தப் பஞ்சோடு சேர்த்துக் கடித்தேன். அவள் விளக்கைக் கொஞ்சம் திருப்பிவைத்தாள், அவ்வளவுதான்.

என் தொழிலைச் சொல்லவில்லையே. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எங்கள் பள்ளியின் காரில் என் பக்கம் ஸ்டியரிங் இல்லை, ஒரு பிரேக் மட்டும் உண்டு. காலையிலிருந்து இருட்டும்வரை அடுத்தவர்கள் போவார்கள், நான் பிரேக் போடுவேன். கற்றுக்கொள்ள வருகிறவர்களின் முகத்தை நான் பார்ப்பதே இல்லை. முகம் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். கால் அப்படி நடிக்காது. ஆள் என்ன செய்யப்போகிறார் என்பது அவருக்கே தெரியும் முன்னால் அவர் காலுக்குத் தெரிந்துவிடும். நான் அந்தக் காலைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன். இதில் ஒரு கஷ்டமும் உண்டு. தொழில் சைக்கிளிலும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். இறக்கம் என்றால் போதும், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் என் விரல் பிரேக்கை அழுத்திவிடும். டாக்டர் என்னிடமிருந்து தப்பிப்பது அங்கேதான்.

போன மாதம் கொழுந்தன் சாப்பிட வந்திருந்தான். போட்டியை நடத்தும் கிளப்புக்கு அவன்தான் செயலாளர். தட்டில் இரண்டாவது தடவை பரிமாறும்வரை பொறுத்துக்கொண்டு, பிறகு கேட்டேன்.

"இந்த வருஷமும் கயிறு உண்டா தம்பி?"

"அண்ணி, அது உங்க சேஃப்டிக்காகத்தானே."

"எனக்கு பிரேக் போடத் தெரியாதுன்னு சொல்றீங்களா?"

அவன் சிரித்தான். அவன் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் மருந்து வாங்கி வருகிறவன். அவனோடு சண்டை போடவும் முடியாது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி பேசுவான், நாம்தான் பிறகு வலிக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்போம். என் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பிக்கும் வீட்டுக்காரிக்கும் நடுவில் ஒரு பேச்சு வந்தால் இவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். நான் விடவில்லை. கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கொழுந்தன் கையைத் தூக்கிவிட்டான்.

"சரி அண்ணி. இந்த வருஷம் உங்களை யாரும் நிறுத்த மாட்டாங்க. போதுமா?"

போதும் என்றேன். அந்த ஒரு மாதமும் வேலை முடிந்ததும் கல்குவாரிக்குப் போய் ஏற்றம் ஏறினேன். முழங்கால் இரண்டும் தினமும் ஒரு பாட்டுப் பாடின. சமையல் ஏனோதானோ என்று நடந்தது. நான்கு சுற்றும் ஓட்டி, வளைவுக்குக் கீழே அவளுக்கு முன்னால் போக வேண்டும். அல்லது பின்னால் போனாலும் சரி, ஓட்டித் தோற்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வளைவு என்று சொன்னது, கோட்டுக்கு மேலே நிற்கும் காற்றடைத்த பெரிய வளைவு. அது என் கணவர் பொறுப்பு. இவர் ஏ.சி. மெக்கானிக். காற்று சம்பந்தப்பட்டது என்றால் இவர் தலையில் கட்டிவிடுவார்கள். காற்றடிக்கும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால்தான் வளைவு நிற்கும், நிறுத்தினால் படுத்துவிடும். கிளப்பிடம் இருப்பது ஒரே ஒரு ஜெனரேட்டர். அதில் இரண்டு பிளக் செருகும் இடத்தில் ஒன்று என்றைக்கோ கருகிப்போய்விட்டது. இவர் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி நாளாகிறது. அதனால் ஒரு ஏற்பாடு. போட்டி முடியும்வரை மின்சாரம் வளைவுக்கு. எல்லாரும் வந்து சேர்ந்ததும் அந்த பிளக்கைப் பிடுங்கி, பெரிய ஸ்பீக்கருக்குக் கொடுத்து, பரிசு கொடுப்பார்கள். பெரிய ஸ்பீக்கர் பேசுகிறது என்றால் வளைவு விழுந்துவிட்டது என்று அர்த்தம். கிளப் குடும்பங்களில் குழந்தைகளுக்குக்கூட இது தெரியும்.

போட்டிக்கு முந்தின நாள் காட்டுக்குள் நாடா கட்டுவதும் எங்கள் வேலை. எங்கள் என்றால் கிளப்காரர்களின் வீட்டுக்காரிகள். ஆண்கள் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் அல்லவா. சிவப்பும் வெள்ளையுமான நாடாவை மரத்துக்கு மரம் ஹேண்டில்பார் உயரத்தில் கட்டிக்கொண்டே போக வேண்டும். வழி பிரியும் இடத்தில் போகக்கூடாத வழிகளுக்குக் குறுக்கே இரண்டு வரிசை கட்ட வேண்டும். வறண்ட ஓடைக்குப் பக்கத்தில் வழி மூன்றாகப் பிரியும். அந்த இடத்தில் நாடா கட்டியது நான். மறுநாள் ஓட்ட வேண்டிய காலோடு அந்த மலையை முந்தின நாளே ஒருமுறை நடந்து ஏறி இறங்கியிருந்தேன்.

முதல் இரண்டு சுற்றும் நான் நினைத்தபடியே நடந்தன. ஏற்றத்தில் அவளைப் பிடிப்பேன், இறக்கத்தில் அவள் ஓடிவிடுவாள். அவளுடைய பின்டயரின் ஒவ்வொரு பல்லும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மற்ற மூன்று பெண்களும் பின்தங்கிவிட்டார்கள். மூன்றாவது சுற்றில், ஏற்றத்தின் பாதியில், பின்னாலிருந்து "வழி, வழி" என்று ஒருவன் கத்தினான். ஆண்களில் முதல் ஆள். ஒதுங்கினோம். அவன் போன கொஞ்ச நேரத்தில் கீழே குவாரியிலிருந்து ஆரவாரம் கேட்டது, அவன் ஜெயித்துவிட்டான். போன வருடம் இந்த ஆரவாரத்தைக் கேட்டபோது அழுகை வந்தது. இந்த வருடம் சந்தோஷமாகக் கத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சுற்று முடிவில் வளைவு நின்றுகொண்டிருந்தது. மோட்டாரின் மேல் குனிந்திருந்த என் கணவரின் முதுகு தெரிந்தது. கயிறு இல்லை. கொழுந்தன் ஜெயித்தவனின் தோளில் கைபோட்டுப் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தவன், எங்களைப் பார்த்ததும் கையை ஆட்டினான். "அண்ணி, அசத்துங்க" என்றான். ஆக, நாங்கள் போனது அவனுக்குத் தெரியும். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன். எங்களுக்குப் பின்னால் வந்த மூவரிடமும் யாரோ "போதும்மா, தண்ணி குடிங்க" என்று சொல்லி இறக்கிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான்காவது ஏற்றம் இதற்கு முன் நான் ஏறாத மலையாக இருந்தது. அதே கல், அதே வேர்தான், ஆனால் கால் வேறொருத்தியுடையது. உப்பு கண்ணில் இறங்கி எரிந்தது. முன்னால் டாக்டரின் தோள் இரண்டும் ஆட ஆரம்பித்தன. அவள் எழுந்து மிதித்தாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள். நெருங்கிக்கொண்டே இருந்தேன், ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஏற்றத்தில் அவளைத் தின்றுவிடுவேன் என்று சொன்னேன் அல்லவா, தின்பதற்கு அவ்வளவு சுலபமான ஆள் இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. உச்சியில் தண்ணீர் மேஜை இருக்கும். அங்கே ஒரு வாய் கிடைக்கும் என்று நாக்கை அடக்கிக்கொண்டு வந்தேன். மேஜை இல்லை. அமுங்கிய புல்லும் ஒரு நசுங்கிய காகிதக் கப்பும்தான் கிடந்தன. சரி, தண்ணீர் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஓடைக்குப் பக்கத்தில் டாக்டர் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். வழி மூன்றும் பல்லை இளித்தபடி திறந்து கிடந்தன. ஒரு நாடா இல்லை. நான் இழுத்து இழுத்து முடிந்த மரத்தில் ஒரு சின்னச் சிவப்புத் துணுக்கு மட்டும் முடிச்சோடு ஒட்டியிருந்தது, கத்தியால் அறுத்திருந்தார்கள்.

"எந்தப் பக்கம்?" என்றாள். மூச்சு வாங்கியது. சுற்றுக்குச் சுற்று வந்த வழிதான், ஆனால் அவ்வளவு வேகத்தில் நாடாவைப் பார்த்து ஓட்டுவோமே தவிர வழியை யார் பார்ப்பது.

பேசாமல் அவளைத் தாண்டி நான் போயிருக்கலாம். அந்த எண்ணம் வராமல் இல்லை, வந்தது. ஆனால் வழி தெரியாமல் நின்றவளை ஜெயித்து அந்தக் கோப்பையை நான் எங்கே வைப்பேன்? நானும் அவளை மாதிரி அலமாரியின் மேல் வைத்து, யாராவது பார்த்தால் விளக்கைத் திருப்ப வேண்டும். "நடுவுல. நீங்கதான் முன்னாடி இருந்தீங்க, முன்னாடி போங்க" என்றேன். ஆசையாக ஒன்றும் சொல்லவில்லை, கடுகடு என்றுதான் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். நான் அதே இடைவெளி விட்டுப் பின்னால் போனேன்.

அடுத்த மேட்டில் ஒரு சின்ன லாரி பாதைக்குக் குறுக்கே நின்றது. பின்னால் நாடா பந்து பந்தாகக் குவிந்திருந்தது. மேலே தண்ணீர் மேஜை, காலைத் தூக்கிக்கொண்டு. கிளப்காரர்கள் இரண்டு பேர் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவன் உண்மையாகவே ஆச்சரியப்பட்டான்.

"அக்கா, இன்னுமா ஓட்டிக்கிட்டு இருக்கீங்க? எல்லாம் முடிஞ்சிடுச்சே."

"யாருக்கு முடிஞ்சுது?" என்றேன்.

"ரேஸு. வண்டில ஏறிக்குங்க, சைக்கிளைப் பின்னாடி போட்டுக்கலாம். கீழே இறக்கி விட்டுடறோம்."

நல்ல மனசு. பாதையை அடைத்து, வழியை அறுத்து, தண்ணீரைத் தூக்கிவிட்டு, இப்போது இறக்கியும் விடுகிறார்கள். எனக்கு வந்த வார்த்தைகளை எழுத முடியாது. அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து மரங்களுக்கு நடுவே ஒரு குரல் உருண்டு ஏறி வந்தது. கணீரென்ற குரல். கொழுந்தனுடையது. கை ஒலிபெருக்கியின் கரகரப்பு அதில் இல்லை. பெரிய ஸ்பீக்கர்.

"பெண்கள் பிரிவு. முதலிடம், நம்ம பல் டாக்டர். ரெண்டாமிடம், வேற யாரு, எங்க அண்ணி. ரெண்டு பேரும் மேடைக்கு வாங்க."

கைதட்டல் கேட்டது. நாங்கள் இருவரும் மலைமேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று எங்களுக்குக் கிடைத்த கைதட்டலைக் கேட்டோம். மூன்றாவது சுற்றில் இருந்த வரிசையை அப்படியே எடுத்துப் படித்திருக்கிறான். கயிறு இல்லாமலே கயிறு போட்டுவிட்டான். நிறுத்தமாட்டோம் என்றான், நிறுத்தவில்லை. நாங்கள் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கலாம், ராத்திரிவரைகூட. ஆனால் என் வயிற்றை எரித்தது அது இல்லை. ஸ்பீக்கர் பேசுகிறது. அப்படியென்றால் வளைவு படுத்துவிட்டது. வளைவைப் படுக்கவைக்கும் கை ஒன்றுதான். காலையில் என் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்த கை. கட்டிய பெண்டாட்டி காட்டுக்குள் இருக்கிறாள், மனுஷன் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்.

அந்த ஆள் மறுபடியும், "டாக்டர், உங்களைத்தான் கூப்பிடறாங்க. ஏறுங்க" என்றான்.

டாக்டர் ஹெல்மெட் பட்டையை இறுக்கினாள். "ஜெயிச்சவங்க இன்னும் காட்டுக்குள்ள ரேஸ்ல இருக்காங்கன்னு போய்ச் சொல்லுங்க" என்றாள். பிறகு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு புதருக்குள் இறங்கி லாரியைச் சுற்றி நடந்தாள். நானும் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்தப் பக்கம் போய் ஏறும்போது என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அன்னைக்குப் பல்லுக்கு வந்தப்போ அந்தக் கப்பையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. எனக்கு ஊசி போடக் கை வரல."

"ஆனா போட்டீங்க" என்றேன்.

"போட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் பறந்தாள்.

இறக்கம். அவளுடைய ராஜ்ஜியம். எப்போதும் இந்த இடத்தில் என் விரல் பிரேக்குக்குப் போகும். அன்று எனக்கு இருந்த கோபத்தில் விரலை ஹேண்டில்பாரைச் சுற்றி இறுக்கிவிட்டேன். பிரேக் போடுவதற்கு எனக்கு வேறு இடத்தில் சம்பளம் கொடுக்கிறார்கள், இங்கே ஏன் ஓசியில் போட வேண்டும். வேர்கள் அடியில் தடதடவென்று ஓடின. பல்லோடு பல் மோதியது. ஒரு பாறையில் பின்சக்கரம் எழும்பி வேறெங்கோ போய்விட்டு மனசை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. பயம் இருந்தது, நன்றாகவே இருந்தது, கோபம் அதைவிடக் கனமாக இருந்தது. குவாரியின் விளிம்பில் பாதை அகலும் இடத்தில் அவளுக்குப் பக்கத்தில் வந்தேன். அங்கே பாதை திரும்பும்போது அவள் கொஞ்சம் பிரேக் பிடித்தாள். நான் பிடிக்கவில்லை. தாண்டிவிட்டேன். ஒரு வருடமாக நினைத்து நினைத்துத் தேய்ந்துபோன அந்த நொடி வந்தபோது அதைப் பார்க்க ஒருவரும் இல்லை. எல்லாரும் மேடையைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள்.

முன்னால் சமதரை. கோட்டுக்குப் பத்துக் காரை வரிசையாக நிறுத்தும் தூரம் இருக்கும், நான் எதையும் காரால்தான் அளப்பேன். கோடு தெரியவில்லை. அதன்மேல் வளைவு துவண்டு கிடந்தது. என் கணவர் அதன்மேல் மண்டியிட்டு, மிச்சக் காற்றை மார்பால் அழுத்தி அழுத்தி வெளியேற்றிக்கொண்டிருந்தார். மெத்தை சுருட்டுகிற மாதிரி அவ்வளவு அக்கறையாக. இடதுபக்கம் சைக்கிள் போகிற அளவுக்கு இடம் இருந்தது. சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். போயிருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "பரவால்ல, முடிச்சுட்டீங்களே அண்ணி" என்பான். இரண்டாம் பரிசைக் கையில் திணிப்பான். சிரிக்கச் சொல்வான், போட்டோ எடுப்பான்.

அங்கேதான் பிரேக் போட்டேன். மலை முழுக்கப் போடாத பிரேக்கை எல்லாம் சேர்த்துப் போட்டேன். டயர் சரளையில் கிழித்துக்கொண்டு போன சத்தத்தில் இவர் தலையைத் தூக்கினார்.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

எழுந்து இரண்டடி வந்தார். முட்டியெல்லாம் புழுதி. "எல்லாரும் வந்தாச்சுன்னு தம்பி சொன்னான்."

"நான் வந்தேனா?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை இவர் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறார். அப்போதெல்லாம் தட்டோ பேப்பரோ ஏதாவது ஒன்று பார்ப்பதற்கு இருக்கும். இப்போது குனிந்தால் வளைவுதான் கிடந்தது. அதைப் பார்த்தார். பிறகு என் வண்டியைப் பார்த்தார், புதர்முள் கிழித்து ரத்தம் வழிந்த என் முழங்காலைப் பார்த்தார்.

பின்னால் சரளை நொறுங்கியது. டாக்டர். நான் நிற்பதைப் பார்த்தாள், வளைவைப் பார்த்தாள், இடதுபக்கம் இருந்த இடைவெளியையும் பார்த்தாள். அவள் முன்சக்கரம் அந்தப் பக்கம் லேசாகத் திரும்பியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி நிற்பதாக இருந்தால் அது வேண்டாம். சக்கரம் நேரானது. எனக்குப் பக்கத்தில் வந்து நிற்காமல், கொஞ்சம் பின்னாலேயே காலை ஊன்றினாள். ஒன்றரை சைக்கிள் தூரம்.

"நீங்க முன்னாடி இருந்தது இவ்வளவுதான். சரியா?" என்றாள்.

"சரி" என்றேன்.

அதற்குள் கொழுந்தன் பார்த்துவிட்டான். வயரில்லாத மைக்கைப் பிடித்தபடி மேடையிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். குவாரியின் நான்கு சுவரிலும் மோதி அவன் குரல் வந்தது. "இதோ நம்ம சாம்பியன்கள் வந்துட்டாங்க. அண்ணி, ஏன் அங்கேயே நிக்கறீங்க? வாங்க, உங்களுக்காகத்தான் வெயிட் பண்றோம்."

"வளைவைத் தூக்குங்க தம்பி."

"அது எதுக்கு அண்ணி இப்போ? ரிசல்ட் சொல்லியாச்சு, கப்பு ரெடியா இருக்கு."

"ரேஸ் முடியல. ரெண்டு பேர் இன்னும் கோட்டுக்கு வரல. எண்ணிப் பாருங்க."

கூட்டம் திரும்பியது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மற்ற மூன்று பெண்களும் முன்னால் வந்து நின்றார்கள். ஒருத்தி தன் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். டயர் கடைக்காரர் கழுத்தில் பதக்கத்தோடு நின்று என்னைப் பாவமாகப் பார்த்தார். கொழுந்தன் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டே சிரித்தான், அந்தச் சிரிப்பும் ஸ்பீக்கரில் கேட்டது. "எங்க அண்ணி கொஞ்சம் டென்ஷனா இருக்காங்க. வெயில் வேற. எல்லாரும் ஒரு தடவை நல்லா கை தட்டி அவங்களை மேடைக்குக் கூட்டிட்டு..."

அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் நின்றுவிட்டது. மைக்கைத் தட்டினான், ஊதினான். ஜெனரேட்டர் பக்கம் பார்த்தேன். இவர் அங்கே குனிந்திருந்தார். ஸ்பீக்கரின் வயர் அவிழ்ந்து தரையில் கிடந்தது. கையில் இன்னொரு பிளக்கைப் பிடித்துக்கொண்டு, தம்பியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, கருகாத அந்த ஒரே இடத்தில் அதைச் செருகினார். மோட்டார் இருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"அண்ணே" என்றான் கொழுந்தன். மைக் இல்லாத அவன் குரல் சின்னதாக இருந்தது. இவர் நிமிரவில்லை, மோட்டாரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். இதனால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது வீட்டுக்கு வரும், பல நாள் இருக்கும்.

வளைவின் ஒரு கால் முதலில் உப்பியது. துணி உள்ளுக்குள் புரண்டு, மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடியும் எழுந்தது. அடுத்த கால் இன்னும் தரையில்தான். நடுவில் அதன் அடியிலிருந்து கோட்டின் வெள்ளைச் சுண்ணாம்பு கொஞ்சம் தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். டாக்டரின் முகத்தை அல்ல. சரளையில் ஊன்றியிருந்த அவள் வலதுகால் மெல்லக் கிளம்பி, பெடலைத் தேடி, அதன்மேல் உட்கார்ந்தது. வளைவு இன்னும் முழுசாக நிமிரவில்லை. நான் முன்னால் திரும்பி, பிரேக்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன்.